லீவுக்கு ஊருக்கு வந்தால் வேட்டைக்குப் போகலாமா? துப்பாக்கி வாங்கும் முன் இதைப் படிங்க!

உத்திரமேரூர்:

பொங்கல், கோடை லீவு, ஊர்த் திருவிழா என்றால் சென்னை, பெங்களூர், துபாய் என்று பிழைக்கப் போனவர்கள் எல்லாம் குடும்பத்தோடு சொந்த ஊருக்கு வந்து சேருவார்கள். பம்புசெட் குளியல், நுங்கு, கிடா விருந்து என்று பகல் போகும். ராத்திரி திண்ணையில் உட்கார்ந்தால் பெரியவர்கள் பழைய கதையை எடுப்பார்கள்.

"உங்க தாத்தா துப்பாக்கிய தூக்கிட்டு கெளம்பினாருன்னா, விடியறதுக்குள்ள ரெண்டு முயலு, நாலு கௌதாரி இல்லாம வீட்டுக்கு வரமாட்டாரு" என்பார்கள். கேட்டுக் கொண்டிருக்கும் பேரப்பிள்ளைகளுக்கு கை துறுதுறுக்கும்.

"சித்தப்பா, அடுத்த தடவை வரும்போது ஒரு நல்ல துப்பாக்கியா வாங்கிட்டு வந்துடறேன். ஏர் கன் நல்லதா, ரைபிள் நல்லதா?" என்று பேச்சு கிளம்பும்.

இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான். வேட்டைக்கு என்று எந்த துப்பாக்கியும் வாங்க வேண்டாம். ஏன் என்பதை விவரமாகப் பார்ப்போம்.

தாத்தா காலம் வேறு

தாத்தா வேட்டைக்குப் போன காலத்தில் சட்டம் வேறு மாதிரி இருந்தது. 1972-ம் ஆண்டு வன உயிரின பாதுகாப்பு சட்டம் வந்தது. 1991-ல் அதில் திருத்தம் செய்து, பொழுதுபோக்கு வேட்டையை அடியோடு தடை செய்து விட்டார்கள். 2022-ல் மறுபடியும் திருத்தி, 2023 ஏப்ரல் 1-ந்தேதி முதல் புது அட்டவணைகள் அமலுக்கு வந்துள்ளன.

மயில், உடும்பு, எறும்புத்தின்னி, வெளிமான் எல்லாம் முதல் அட்டவணையில் இருக்கின்றன. "சாதாரண முயல்தானே, கௌதாரிதானே, காட்டுப்பன்றிதானே" என்று நினைப்பவைகளும் தப்பவில்லை. அவை இரண்டாவது அட்டவணையில் உள்ளன. இரண்டு அட்டவணையில் இருப்பதையும் வேட்டையாடக் கூடாது.

முன்பு காகம், எலி, பழந்தின்னி வௌவால் போன்றவற்றை மட்டும் தீங்கு செய்யும் உயிரினங்கள் என்று தனியாக வைத்திருந்தார்கள். 2022 திருத்தத்தில் அந்தப் பட்டியலையும் எடுத்து விட்டார்கள்.

சுட்டால்தான் வேட்டை என்று இல்லை. கண்ணி வைப்பது, வலை விரிப்பது, விஷம் வைப்பது, விரட்டிப் பிடிப்பது, பறவைக் கூட்டில் முட்டை எடுப்பது எல்லாமே சட்டப்படி வேட்டைதான். குறி தவறினாலும் தப்பிக்க முடியாது. முயற்சி செய்ததே குற்றம்!

தண்டனை என்ன?

இரண்டாவது அட்டவணையில் உள்ளதை வேட்டையாடினால் 3 ஆண்டு வரை ஜெயில், அல்லது ரூ.1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் சேர்த்து கிடைக்கும். மயில், உடும்பு போல முதல் அட்டவணை என்றால் குறைந்தபட்சமே 3 ஆண்டு ஜெயில். அது 7 ஆண்டு வரை போகலாம். அபராதமும் ரூ.25 ஆயிரத்துக்குக் குறையாது.

வேட்டைக்குப் போன பைக், கார், துப்பாக்கி, டார்ச் லைட் எல்லாம் பறிமுதல் ஆகும். "நான் சுடல, கறி மட்டும்தான் வாங்கினேன்" என்று சொல்லியும் பலன் இல்லை. கறியை வைத்திருந்தாலும் குற்றம். அது முறையாக வந்தது என்று வைத்திருப்பவர்தான் நிரூபிக்க வேண்டும்.

பணமும் பேரும் இருந்தால் தப்பிக்கலாம் என்பவர்கள் இந்தி நடிகர் சல்மான்கான் கேஸை நினைத்துப் பார்க்க வேண்டும். 1998-ல் சினிமா ஷூட்டிங்குக்காக ராஜஸ்தான் போன இடத்தில் வெளிமானை வேட்டையாடியதாக கேஸ். 20 வருஷம் கழித்து 2018-ல் ஜோத்பூர் கோர்ட்டு அவருக்கு 5 ஆண்டு ஜெயில் தண்டனை விதித்தது. 2 நாள் ஜெயிலில் இருந்து விட்டு ஜாமீனில் வந்தார்.

ஏர் கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாமே?

இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். 2016-ம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, 4.5 மி.மீட்டர் குழல் அளவும், 20 ஜூலுக்குக் குறைந்த ஆற்றலும் உள்ள ஏர் கன்னுக்கு லைசென்ஸ் தேவையில்லை. கடைக்காரர்கள் ".177" என்று சொல்வது இந்த அளவைத்தான். அதைவிட பெரிய ".22" ஏர் கன் என்றால் லைசென்ஸ் வேண்டும்.

லைசென்ஸ் தேவையில்லை என்பது வைத்திருப்பதற்கு மட்டும்தான். அதே ஏர் கன்னால் வரப்பில் நிற்கும் மயிலையோ, ஏரியில் நிற்கும் கொக்கையோ சுட்டால் அது வேட்டை. கேஸ் கேஸ்தான்.

பட்டாளத்து ரைபிள் கதை எல்லாம் கேட்டு விட்டு "ரைபிள்தான் கெத்து" என்று சொல்பவர்கள் இன்னொன்றையும் தெரிந்து கொள்ள வேண்டும். ரைபிள் குழலுக்கு உள்ளே திருகுத் திருகாக வரி வெட்டி இருக்கும். அதனால் தோட்டா சுழன்று கொண்டே நேராக, வெகு தூரம் போகும். ரைபிள் ரகத்தில் சிறியதான ".22" தோட்டா கூட ஒரு கிலோ மீட்டரைத் தாண்டிப் போகக் கூடியது.

நம்ம பக்கம் மலையும் இல்லை, மறைவும் இல்லை. எல்லாம் சமதரை. முயலுக்கு வைத்த குறி தவறினால், அடுத்த வயலில் தண்ணீர் பாய்ச்சுகிறவர் மீதோ, களத்துமேட்டில் படுத்திருப்பவர் மீதோ பாயும். இருட்டில் எதுவும் தெரியாது.

இரண்டு சட்டம், இரண்டு பேப்பர்

"எங்க மாமாவுக்கு லைசென்ஸ் இருக்கு, அவர் துப்பாக்கிய எடுத்துக்கிட்டா போச்சு" என்பதும் தவறு. துப்பாக்கி லைசென்ஸ் 1959-ம் ஆண்டு ஆயுத சட்டத்தின் கீழ் வருவது. கிராமப் பகுதி என்றால் கலெக்டரிடம் மனு கொடுக்க வேண்டும். போலீஸ் விசாரணை நடக்கும். துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாள பயிற்சி எடுத்த சான்றும் கேட்பார்கள். பயிர் பாதுகாப்புக்கு என்று கேட்டால், கருமருந்தை கிட்டித்துச் சுடும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் கொடுக்க சட்டத்தில் இடம் இருக்கிறது.

ஆனால் அந்த லைசென்ஸ் துப்பாக்கியை வைத்திருப்பதற்குத்தான். மிருகத்தைச் சுடுவதற்கு அல்ல. சுட வேண்டும் என்றால் வனத்துறையின் அனுமதி தனியாக வேண்டும். இரண்டில் ஒன்று இல்லை என்றாலும் குற்றம். மாமாவின் துப்பாக்கியை மருமகன் தூக்கிக் கொண்டு போனால் மாமா லைசென்சுக்கும் ஆபத்து.

லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தால் 2 ஆண்டு முதல் 5 ஆண்டு வரை ஜெயில். நாட்டுத் துப்பாக்கியை செய்து கொடுத்தாலோ, விற்றாலோ குறைந்தபட்சம் 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் தண்டனை. 2019-ல் இந்தத் தண்டனைகளை கடுமையாக்கி உள்ளனர்.

பரணில் தாத்தாவின் பழைய துப்பாக்கி கிடக்கிறதா? லைசென்ஸ்காரர் இறந்து விட்டால் அதை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. போலீஸ் நிலையத்திலோ, லைசென்ஸ் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். வாரிசு தன் பேரில் லைசென்சுக்கு மனு செய்யலாம். "ஞாபகார்த்தமா இருக்கட்டும்" என்று விட்டால் வம்பு வீடு தேடி வரும்.

வெளிநாட்டில் இருந்து வந்தால்...

அமெரிக்கா போன்ற நாடுகளில் மாநில அரசே வேட்டைக்கு லைசென்ஸ் கொடுக்கிறது. மானுக்கு சீசன், வாத்துக்கு சீசன் என்று நாள் குறிப்பார்கள். அங்கே பழகியவர்கள் இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்து விடக்கூடாது. இந்தியாவுக்குள் துப்பாக்கி, தோட்டா கொண்டு வருவதற்கு ஆயுத சட்டத்தில் தனி கட்டுப்பாடு உள்ளது. பையில் மறந்து போய்க் கிடந்த ஒரே ஒரு தோட்டா ஏர்போர்ட் ஸ்கேனரில் சிக்கினாலும் விமானத்தை விட்டு விட்டு விசாரணைக்குப் போக வேண்டியதுதான்.

எல்லாவற்றையும் விட பெரிய அடி பாஸ்போர்ட்டில் விழும். கோர்ட்டில் கிரிமினல் கேஸ் நடந்து கொண்டிருந்தால் பாஸ்போர்ட் தர மறுக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. புதுப்பிக்க வேண்டும் என்றால் கோர்ட்டில் அனுமதி வாங்க அலைய வேண்டும். ஒரு மாச லீவில் வந்தவர் வாய்தாவுக்கு வாய்தா அலைந்தால் கம்பெனி காத்திருக்குமா? கடன் வாங்கி விசா எடுத்துப் போனவர், ஒரு முயல் கறிக்கு ஆசைப்பட்டு வேலையையே தொலைக்க நேரும்.

"நிலக்கடலையை பன்றி நாசம் பண்ணுதே?"

இது விவசாயிகளின் நியாயமான கேள்வி. ராத்திரியோடு ராத்திரியாக காட்டுப்பன்றி கூட்டம் புகுந்தால் நிலக்கடலை, மரவள்ளி, நெல் எதுவும் மிஞ்சாது. போட்ட காசு போச்சு. "ஊருக்கு வந்த பசங்க நாலு பன்றிய சுட்டா புண்ணியமா போகும்" என்று சொல்பவர்களும் உண்டு.

இதற்கு வழி இருக்கிறது. 2025 ஜனவரியில் அப்போதைய வனத்துறை அமைச்சர் பொன்முடி சட்டசபையில் புது நடைமுறையை அறிவித்தார். அதன்படி காப்புக்காட்டில் இருந்து ஒரு கிலோ மீட்டர் வரை காட்டுப்பன்றியை சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கிலோ மீட்டர் வரை பிடித்து காட்டில் விட வேண்டும். 3 கிலோ மீட்டருக்கு அப்பால் வந்தால் சுடலாம். ஆனால் சுட வேண்டியது பயிற்சி பெற்ற வனத்துறையினர் மட்டுமே. ஊர்க்காரரோ, லீவுக்கு வந்தவரோ அல்ல.

எனவே பன்றி தொல்லை என்றால் வி.ஏ.ஓ.விடமும் வனத்துறை அலுவலகத்திலும் எழுத்து மூலம் மனு கொடுப்பதே சரி. சேதமான வயலை அன்றே போட்டோ எடுத்து வைத்தால் நிவாரணம் கேட்கவும் உதவும். வயலைச் சுற்றி பழைய சேலை கட்டுவது, ராத்திரி காவல் போடுவது போன்றவை செய்யலாம்.

செய்யவே கூடாதவை இரண்டு. ஒன்று, மின்கம்பத்தில் இருந்து நேராக கரண்ட் இழுத்து வேலி போடுவது. அது பன்றியைக் கொல்வதற்கு முன் பக்கத்து வயல்காரரைக் கொன்று விடும். இன்னொன்று அவுட்டுக்காய். மாடு கடித்தாலும் வெடிக்கும், குழந்தை தொட்டாலும் வெடிக்கும்.

சுட்டுப் பார்க்க ஆசையா?

குறி பார்த்துச் சுடுவதில் ஆசை இருந்தால் அதற்கும் நேர் வழி உண்டு. முறைப்படி நடக்கும் ரைபிள் கிளப்பில் சேரலாம். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன், 10 மீட்டர் ஏர் ரைபிளில் உலகக் கோப்பை தங்கம் வென்று, டோக்கியோ, பாரீஸ் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக விளையாடினார். அவர் சுடுவதும் அதே 4.5 மி.மீட்டர் ரகம்தான். முயலுக்குப் பதில் காகித அட்டை. அவ்வளவுதான் வித்தியாசம்!

வேடந்தாங்கல் பக்கம் கூடுதல் கவனம்

உத்திரமேரூர்காரர்கள் முக்கியமாக தெரிந்து கொள்ள வேண்டியது இது. பக்கத்து மதுராந்தகம் தாலுகாவில் உள்ள வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயம் என்பது ஏரி மட்டும் இல்லை. ஏரியைச் சுற்றி 5 கிலோ மீட்டர் வரை, பட்டா நிலம் உள்பட, எல்லாம் சரணாலயம்தான். அந்த எல்லைக்குள் வேட்டையாடினால், அது சாதாரண முயலாக இருந்தாலும், குறைந்தபட்சம் 3 ஆண்டு ஜெயில்.

இந்த சரணாலயம் வந்த கதையே துப்பாக்கியால் வந்ததுதான். 200 வருஷத்துக்கு முன்பு வெள்ளைக்கார சிப்பாய்கள் ஏரியில் இறங்கி பறவைகளைச் சுட்டார்கள். ஊர் ஜனங்கள் பொறுக்கவில்லை. அப்போது செங்கல்பட்டு கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸ் துரையிடம் போய் முறையிட்டார்கள். 1798-ல், பறவைகளை யாரும் தொடக் கூடாது என்று எழுத்து மூலம் உத்தரவு வாங்கி விட்டுத்தான் ஓய்ந்தார்கள். 1858-ல் அதைப் புதுப்பித்தும் வாங்கினார்கள்.

அது வெறும் பாசத்துக்காக மட்டும் இல்லை. பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்குப் பாய்ந்தால் பயிருக்கு உரம் என்பது அந்த விவசாயிகளுக்குத் தெரிந்திருந்தது. பறவைகள் பயந்து விடும் என்று தீபாவளிக்கு பட்டாசு வெடிக்காத ஊர் அது. 2022-ல் வேடந்தாங்கலும் பக்கத்தில் உள்ள கரிக்கிலியும் உலக அளவில் முக்கியமான நீர்நிலைகள் பட்டியலான ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

துப்பாக்கி பிடித்த துரைமார்களையே மனு எழுதி நிறுத்தியவர்கள் இந்தப் பக்கத்து ஜனங்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் லீவுக்கு வரும்போது துப்பாக்கிக்கு வைத்த காசில் ஒரு நல்ல பைனாகுலர் வாங்கி வரலாம். தை மாசம் குழந்தைகளைக் கூட்டிக் கொண்டு ஏரிக்கரையில் நின்றால், தாத்தா பார்த்த அதே கூட்டத்தை அவர்களும் பார்ப்பார்கள். அதற்கு லைசென்சும் வேண்டாம், வக்கீலும் வேண்டாம்.