ஆற்றுக்கு இடம் கொடுத்த பூங்கா

2023 டிசம்பரில் நம் அண்டை ஊரான காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதையும், தாமிரபரணி ஊர்களுக்குள் புகுந்ததையும் நாம் மறக்கவில்லை. ஆற்றங்கரை முழுவதையும் சிமெண்டால் கட்டிவிட்டால் என்ன என்று நமக்குத் தோன்றலாம்.

தமிழர் பலர் வாழும் சிங்கப்பூரில் காலாங் ஆற்றை அப்படித்தான் கட்டியிருந்தார்கள். பீஷான் பூங்கா ஓரத்தில் அது வெறும் சிமெண்டு வாய்க்கால். 2012-இல் அது மீண்டும் ஆறாயிற்று. நேராக ஓடிய 2.7 கிலோமீட்டர் வாய்க்கால், வளைந்து நெளிந்து 3.2 கிலோமீட்டர் ஆனது. உடைத்த சிமெண்டைக் குவித்து ஒரு குன்றே அமைத்துவிட்டார்கள்! கரை மண்ணைச் செடிகளின் வேர்களும் கற்களும் பிடித்துக்கொண்டன.

மழையில்லா நாளில் பிள்ளைகள் விளையாடும் புல்வெளி, பெருமழையில் வெள்ளம் பரவும் இடமாகிறது. அகன்ற இடத்தில் நீர் மெல்லச் செல்கிறது. பழைய வாய்க்காலைவிடச் சுமார் 40 சதவீதம் கூடுதல் நீரை ஆறு தாங்குகிறது. தட்டான்கள் வந்தன, பறவைகள் வந்தன, நீர்நாய்களும் வந்தன. நீர் ஏறினால் சங்கொலி எழும். உடனே எல்லோரும் மேட்டுக்குப் போய்விட வேண்டும்.