இருமொழிப் பிள்ளை யார்?

தாய் ஒரு மொழியும் தந்தை பிறிதொரு மொழியும் பேசும் இல்லத்திலே வளரும் பிள்ளை, அயல்வீட்டுப் பிள்ளையிலும் குறைந்த சொற்களையே பேசுகின்றதெனின் பெற்றோர் கலங்குவர். "இரண்டு மொழியைப் புகட்டிப் பிள்ளையைக் குழப்பிவிட்டீர்கள்" என்று உற்றாரும் உரைப்பர். இக்கலக்கம் தகுமா என அறிய வேண்டின், இருமொழிப் பிள்ளை என்று யாரைச் சொல்வது என்பதை நாம் முதலிலே தெளிதல் வேண்டும்.

அமெரிக்க மொழியியலறிஞர் புளூம்பீல்ட், 1933இல் வெளியிட்ட தமது நூலிலே, இரு மொழிகளையும் தாய்மொழியாளர் போல ஆளுதலே இருமொழிமை என்றார். வளர்ந்தோர்க்கும் அரிதான இவ்வளவுகோலைப் பாலகர்க்கு எங்ஙனம் பொருத்துவது? இரண்டு வயதுப் பிள்ளை ஒரு மொழியையேனும் முற்ற ஆள்வதில்லையே! 1953இல் ஹோகன் என்னும் அறிஞர் இதனைத் தளர்த்தி, மற்ற மொழியிலே பொருள் நிறைந்த முழுக் கூற்றுக்களைச் சொல்லும் நிலையிலேயே இருமொழிமை தொடங்குகின்றது என்றார். சொல்லொன்றும் பேசாத எட்டு மாதக் குழந்தைக்கு அதுவும் பொருந்தாது.

ஆகவே, பின்வந்த ஆராய்ச்சியாளர் குழந்தையின் நாவை விடுத்துச் செவியை நோக்கினர். எம்மொழிகளை, எவ்வயது முதல், எவ்வளவு கேட்கின்றது என்பனவே அவர்தம் வினாக்கள். 1978இல் மக்லாக்லின் மூன்று வயதை எல்லையாக வகுத்தார். அதற்கு முன் இரு மொழிகளும் வந்தெய்தின் அவை ஒருங்கே கற்கப்படுவன. பின்னர் வருவது அடுத்துக் கற்கப்படுவது. டி ஹௌவர் என்னும் அம்மையாரோ, 1990இல் வெளியிட்ட நூலிலே, பிறப்பு முதலே இரண்டையும் கேட்டு வளரும் பிள்ளைகளைத் தனி வகையினராகக் கொண்டார். இக்காலத்திலே, பிள்ளை கேட்கும் பேச்சில் ஒவ்வொரு மொழிக்கும் உள்ள பங்கைப் பெற்றோரிடம் வினவிக் கணிக்கின்றனர். நூற்றுக்கு 25 பங்கேனும் வேண்டும் என்பர் சிலர். 20 அமையும் என்பர் வேறு சிலர். ஆதலின், ஒரே பிள்ளை ஓர் ஆய்விலே இருமொழிப் பிள்ளையாகவும் பிறிதோர் ஆய்விலே ஒருமொழிப் பிள்ளையாகவும் எண்ணப்படுதல் கூடும்.

இப்பங்கும் நிலையானதன்று. அமெரிக்காவில் வாழ்ந்த பேராசிரியர் லியோபோல்ட், தம் மகள் ஹில்டகார்டுடன் ஜேர்மன் மொழியே பேசினார்; தாய் பேசியது ஆங்கிலம். அப்பிள்ளையின் பேச்சை நாடோறும் குறித்து, 1939 முதல் 1949 வரை நான்கு பாகங்களாக வெளியிட்டார். நாட்டு வழக்கான ஆங்கிலமே அவளிடம் மேலோங்கி நின்றது. ஐந்து வயதளவில் ஜேர்மனியிலே சில மாதங்கள் தங்கியபோதோ ஜேர்மன் மொழி சரளமாயிற்று, ஆங்கிலம் தளர்ந்தது. ஊர் திரும்பியதும் நிலை மீண்டும் மாறிற்று. இருமொழிமை சமன் செய்த தராசன்று; சூழலுக்கேற்பச் சாய்ந்து நிமிர்வது என்பது இதனாற் புலனாகும்.

இனிச் சொற்கணக்கைக் காண்போம். ஒரு பிள்ளை ஒரு மொழியில் 30 சொற்களும் மற்றதில் 25 சொற்களும் அறியும் எனக் கொள்வோம். ஒரு மொழியை மட்டும் எண்ணுபவர்க்கு அது பின்தங்கிய பிள்ளை. இரண்டையும் கூட்டின் 55 சொற்கள். அவற்றுள் 10 பொருள்களுக்கு இரு மொழியிலும் பெயர் உண்டெனின், பிள்ளை அறிந்த பொருள்கள் 45 ஆகும். மியாமி நகரிலே ஸ்பானிய மொழியும் ஆங்கிலமும் கேட்டு வளர்ந்த, 8 முதல் 30 மாதம் வரையான பிள்ளைகளைப் பற்றி 1993இல் வெளிவந்த ஆய்வு, இவ்வாறு இரு மொழிகளையும் சேர்த்து எண்ணியது. அவர்கள் ஒருமொழிப் பிள்ளைகளிலும் பின்தங்கியவரல்லர் என்பது தெரிய வந்தது.

எனவே, அரைக் கணக்கை முழுக் கணக்கெனக் கொண்டு, பாட்டி பேசும் மொழியை வீட்டினின்றும் அகற்றுதல் பிள்ளைக்குச் செய்யும் தீங்காகும். அதே வேளை, இரு மொழிகளையும் சேர்த்து எண்ணியும் சொற்கள் மிகக் குறைவாயின், இருமொழி மேற் பழியைப் போட்டு வாளாவிருத்தலும் ஆகாது. செவிப்புலனையும் பேச்சையும் வைத்தியரிடம் காட்டிச் சோதித்தல் வேண்டும். பிள்ளையை நிறுக்குமுன் தராசின் இரு தட்டையும் பாருங்கள் என்பதே பெற்றோர்க்கு நாம் கூற விரும்புவது.