லைக் குறைஞ்சா மனசு ஏன் வாடுது? பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஒகேனக்கல் போயிருப்பீங்க. அருவிக்கு முதுகைக் காட்டி நின்று செல்பி எடுக்கும் பிள்ளைகளைப் பார்த்திருப்பீங்க. உங்கள் வீட்டுப் பிள்ளையும் அங்கே நாற்பது படம் எடுத்து, அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பில்டர் போட்டு இன்ஸ்டாகிராமில் பதிவிட்டிருக்கலாம். அப்புறம் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை போனை எடுத்துப் பார்க்கும். "இதுல என்ன இருக்கு?" என்று நமக்குத் தோன்றும். அந்த வயதில் அது சின்ன விஷயம் இல்லை.

ஏன் இப்படி?

13 முதல் 19 வயது வரை, "நான் யார், மத்தவங்களுக்கு என்னைப் பிடிக்குதா?" என்று தேடும் பருவம். நாமும் புதுச்சட்டை போட்டுக்கொண்டு ஊர்த் திருவிழாவில் சுற்றினவங்கதான். திருவிழா இரண்டு நாளில் முடிந்துவிடும். போனில் அது தினமும் நடக்கிறது. யார் பார்த்தார்கள், எத்தனை லைக் என்று கணக்கும் வருகிறது.

லைக் குறைந்தால், "நான் நல்லா இல்லையோ" என்று பிள்ளை நினைத்துக்கொள்கிறது. பில்டர் நிறத்தை வெளுப்பாக்கிக் காட்டுவதால், கண்ணாடியில் தெரியும் சொந்த முகம் பிடிக்காமல் போகிறது. தங்கள் உடலைப் பற்றி வருத்தத்தில் இருந்த வளரிளம் பெண்களில் 32 சதவீதம் பேர், இன்ஸ்டாகிராம் அந்த வருத்தத்தை அதிகமாக்கியதாகச் சொன்னார்கள். இது அந்த நிறுவனமே நடத்திய ஆய்வு. 2021-ல் வெளியே வந்தது.

எல்லாமே கெடுதல் என்றும் சொல்ல முடியாது. அப்பா, அம்மா பெங்களூருவிலோ திருப்பூரிலோ வேலை பார்க்க, பாட்டி வீட்டில் வளரும் பிள்ளைக்குப் போன்தான் உறவு. ஓவியமோ ஆட்டமோ பதிவிட்டுப் பாராட்டு வாங்கினால் தன்னம்பிக்கையும் வளரும்.

ஆபத்து எங்கே?

வீட்டில் கிடைக்காத பாராட்டை, முகம் தெரியாத ஒருவர் தரும்போது அவர்மேல் நம்பிக்கை வருகிறது. அவர் படம் கேட்கிறார். பிறகு அதை வைத்தே மிரட்டுகிறார். "வீட்டுல தெரிஞ்சா படிப்பை நிறுத்திடுவாங்க, கல்யாணம் பண்ணி வெச்சிடுவாங்க" என்று பயந்து பெண் பிள்ளை வாயைத் திறப்பதில்லை. மிரட்டுபவருக்கு அந்தப் பயமே பலம். 18 வயதுக்கு முன் திருமணம் செய்து வைப்பது சட்டப்படி குற்றம் என்பதையும் மறக்காதீங்க.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. போனைப் பிடுங்காதீங்க. பிடுங்கினால், உங்களுக்குத் தெரியாத இன்னொரு கணக்கு தொடங்கலாம். "இந்தப் படத்தை ஏன் தேர்ந்தெடுத்தே?" என்று கேட்டுப் பேச்சைத் தொடங்குங்க.
2. இன்ஸ்டாகிராமில் 13 வயதுக்குக் கீழ் கணக்கு தொடங்க அனுமதி இல்லை. வயதைக் கூட்டிப் போட்டிருந்தால் திருத்துங்க.
3. செட்டிங்ஸில் 'பிரைவேட் அக்கவுண்ட்' போடச் சொல்லுங்க. லைக் எண்ணிக்கையை மறைக்கும் வசதியும் உண்டு.
4. "என்ன நடந்தாலும் முதல்ல எங்கிட்ட சொல்லு, திட்ட மாட்டேன்" என்று இன்றே சொல்லுங்க.

மிரட்டல் வந்தால்

பணம் கொடுக்காதீங்க. மெசேஜை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்க.

* 1098 – குழந்தைகள் உதவி எண்
* 1930 – சைபர் குற்றப் புகார்
* 14416 – டெலி மானஸ், மனநல ஆலோசனை

பிள்ளைகளே நேரடியாக 1098-க்குப் பேசலாம். கட்டணம் இல்லை, நள்ளிரவிலும் பேசலாம். இந்த எண்ணை அவர்கள் போனில் நீங்களே பதிந்து கொடுங்க.