குடும்பவழி நீரிழிவு நோய்த் தடுப்பு

குடும்பவழி நீரிழிவு நோய்த் தடுப்பு என்பது, பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இரண்டாம் வகை நீரிழிவு நோய் உள்ள ஒருவர், தமக்கு அந்நோய் வரும் வாய்ப்பைக் குறைக்கவோ, வரும் காலத்தைத் தள்ளிப்போடவோ மேற்கொள்ளும் வழிமுறைகளைக் குறிக்கும். நீரிழிவு "பரம்பரை நோய், வந்தே தீரும்" என்னும் எண்ணம் மக்களிடையே பரவலாக உள்ளது. மரபின் பங்கு உண்மையே எனினும், "வந்தே தீரும்" என்பதற்கு ஆய்வுகளில் ஆதாரம் இல்லை.

இளம் வயதில் தோன்றும் முதலாம் வகை நீரிழிவு, உடலின் நோயெதிர்ப்பு அமைப்பே கணையத்தின் பீட்டா உயிரணுக்களை அழிப்பதால் உண்டாவது. அதற்கு இக்கட்டுரையில் கூறப்படுபவை பொருந்தா.

மரபின் பங்கு

இரண்டாம் வகை நீரிழிவு ஒரே ஒரு மரபணுவால் கடத்தப்படும் நோயன்று. நூற்றுக்கணக்கான மரபணு வேறுபாடுகள் ஒவ்வொன்றும் சிறிதளவு இடரைக் கூட்டுகின்றன. அவற்றுள் வலிமை மிக்கவற்றுள் ஒன்றான டிசிஎஃப்7எல்2 மரபணு வேறுபாட்டை 2006 இல் ஐசுலாந்து ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். இவ்வேறுபாடு இன்சுலின் சுரப்பைக் குறைப்பதோடு தொடர்புடையது.

குடும்பத்தில் பகிரப்படுபவை மரபணுக்கள் மட்டுமல்ல என்பதையும் கருத வேண்டும். ஒரே அடுக்களை, ஒரே உணவு நேரம், ஒரே வகையான ஓய்வுப் பழக்கம் ஆகியனவும் தலைமுறை தலைமுறையாகத் தொடர்கின்றன. தந்தையின் மரபணுவை மாற்ற இயலாது. தந்தை உண்ட அளவுச் சோற்றையே உண்ண வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை.

தெற்காசியரின் உடலமைப்பு

தெற்காசியர்களுக்கு, ஐரோப்பியரை விடக் குறைந்த உடல் எடையிலேயே நீரிழிவு தோன்றுகிறது. 2004 இல் லான்செட் இதழில் புனே மருத்துவர் சி. எஸ். யாஜ்னிக், இலண்டனைச் சேர்ந்த ஜான் யட்கின் ஆகிய இருவரும் தங்களையே எடுத்துக்காட்டாக வைத்து இதனை விளக்கினர். இருவரின் உடல் நிறைச் சுட்டெண்ணும் 22.3 தான். ஆயினும் யட்கினின் உடற்கொழுப்பு 9.1 விழுக்காடாகவும், யாஜ்னிக்கின் உடற்கொழுப்பு 21.2 விழுக்காடாகவும் இருந்தன. எனவே "ஒல்லியாக இருக்கிறேன், எனக்கு வராது" என்று ஒருவர் கூறுவது பயனற்றது. எடைப் பொறியை விட அளவு நாடாவே இங்கு நம்பத்தக்கது: இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. அளவுக்குள் இருத்தல் நன்று.

இடர் மதிப்பெண்

சென்னையில் வி. மோகன் தலைமையிலான குழுவினர் 2005 இல் வெளியிட்ட இந்திய நீரிழிவு இடர் மதிப்பெண், குருதி எடுக்காமலேயே இடரை மதிப்பிட உதவும் எளிய கணக்கு ஆகும். மொத்தம் 100 மதிப்பெண்கள். அகவைக்கு அதிகபட்சம் 30, இடுப்புச் சுற்றளவுக்கு 20, உடலுழைப்பின்மைக்கு 30, குடும்ப வரலாற்றுக்கு 20 (பெற்றோரில் ஒருவருக்கு மட்டும் நோய் எனில் 10). 60 அல்லது அதற்கு மேல் பெறுவோர் மிகு இடர் உடையோர் ஆவர்.

பெற்றோர் இருவருக்கும் நீரிழிவு உள்ள சகோதரர்கள் இருவரைக் கொள்வோம். அண்ணனுக்கு அகவை 40 (20), இடுப்பு 102 செ.மீ. (20), நாள் முழுதும் நாற்காலியில் வேலை, உடற்பயிற்சி இல்லை (30), குடும்பம் (20): மொத்தம் 90. தம்பிக்கு அகவை 37 (20), இடுப்பு 88 செ.மீ. (0), கடும் உடலுழைப்பும் பயிற்சியும் உண்டு (0), குடும்பம் (20): மொத்தம் 40. பெற்றோர் அதே பெற்றோர்தான். மாற்றத்தக்க இரண்டு கூறுகளும் சேர்ந்து 50 மதிப்பெண்களைக் கொண்டுள்ளன என்பது கவனிக்கத்தக்கது.

ஆய்வுச் சான்றுகள்

அமெரிக்காவின் நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தில் (2002) நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்த 3,234 பேர் பங்கேற்றனர். வாரம் 150 நிமிட உடற்பயிற்சியும் 7 விழுக்காடு எடைக் குறைப்பும் இலக்காகக் கொண்டவர்களிடம் நோய்த் தோற்றம் 58 விழுக்காடு குறைந்தது. மெட்ஃபார்மின் மருந்து உட்கொண்டவர்களிடம் 31 விழுக்காடே குறைந்தது.

இவர்களின் மரபணுக்களை ஆராய்ந்த முடிவு 2006 இல் வெளியானது. டிசிஎஃப்7எல்2 வேறுபாட்டை இரு பெற்றோரிடமிருந்தும் பெற்றவர்கள், வெற்று மாத்திரை உட்கொண்ட குழுவில், மற்றவர்களை விட ஏறத்தாழ 1.8 மடங்கு மிகுதியாக நோய்க்கு ஆளாயினர். வாழ்க்கைமுறையை மாற்றிக்கொண்ட குழுவிலோ இவ்வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிட்டது. குடும்ப வரலாறு உள்ளோர் அறிய வேண்டிய மிக முதன்மையான செய்தி இதுவே எனலாம்.

சென்னையில் அ. இராமச்சந்திரன் தலைமையில் 531 பேரிடம் நடத்தப்பட்ட இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தின் (2006) முடிவுகள் சற்று அடக்கமானவை. மூன்றாண்டுகளில், வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 விழுக்காட்டினருக்கும், வாழ்க்கைமுறை மாற்றம் மேற்கொண்டவர்களில் 39.3 விழுக்காட்டினருக்கும் நோய் வந்தது. எடை குறிப்பிடத்தக்க அளவு குறையாத நிலையிலும் இப்பயன் கிட்டியது. எடை குறையவில்லை என்று நடைப்பயிற்சியைக் கைவிடுவோர் இதனை நினைவிற் கொள்க.

சீனாவின் தாச்சிங் நகரில் 1986 இல் தொடங்கிய ஆய்வு, 30 ஆண்டுகள் கழித்தும் பயன் நீடித்ததைக் காட்டியது. பலருக்குப் பின்னர் நோய் வந்தாலும், அது ஏறத்தாழ 4 ஆண்டுகள் தள்ளிப்போயிற்று; இதயக்குழல் நோய்களும் குறைந்தன.

உணவு

தமிழ்நாட்டு உணவில் இனிப்பை விட வெள்ளை அரிசியின் அளவே பெருஞ்சிக்கல். தட்டில் சோற்றைக் குறைத்து, அவ்விடத்தைக் காய்கறி, கீரை, பருப்பு, சுண்டல், மீன் ஆகியவற்றால் நிரப்புவதே நடைமுறைக்கு ஏற்ற வழி. கேழ்வரகு நல்லதென்று எண்ணி, அதனை நைய அரைத்த மாவில் கஞ்சியாகக் காய்ச்சிப் பெருமளவில் குடிப்பதால் குருதிச் சர்க்கரை விரைந்து ஏறக்கூடும். தேன், கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை ஆகியனவும் சர்க்கரையே. புகைத்தலும் இந்நோயின் இடரைக் கூட்டும்.

பரிசோதனை

நீரிழிவுக்கு முந்தைய நிலையில் பெரும்பாலும் அறிகுறிகள் தோன்றுவதில்லை. அமெரிக்க நீரிழிவுச் சங்க அளவீட்டின்படி வெறும் வயிற்றில் குருதிச் சர்க்கரை 100 முதல் 125 மி.கி./டெ.லி., அல்லது 75 கிராம் குளுக்கோசு அருந்திய இரண்டு மணி நேரத்திற்குப் பின் 140 முதல் 199 வரை இருப்பின் அது இந்நிலையாகும். முறையே 126, 200 அல்லது அதற்கு மேல் எனில் நீரிழிவு. வெறும் வயிற்றுச் சோதனையை மட்டும் செய்தால் இரண்டாவது வகையினர் தப்பிவிடக்கூடும். கருவுற்ற காலத்தில் நீரிழிவு ஏற்பட்ட பெண்கள், மகப்பேற்றுக்குப் பின் சர்க்கரை இயல்பு நிலைக்குத் திரும்பினாலும், தொடர்ந்து பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.