ஐவிக் கொடியும் சிறு பண்ணையும்

இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் நாலைந்து ஏக்கர் நிலமும், சில ஆடுகளும், ஒரு பழைய ஆப்பிள் தோட்டமுமாக ஜீவனம் செய்யும் சிறு குடியானவர்களுக்கு, வேலியிலும் கொட்டகைச் சுவரிலும் வருஷக்கணக்காகப் படர்ந்து அடர்ந்துவிட்ட ஐவிக் கொடியை அகற்றுவது பெரும் பிரயாசை. இக்கொடி புல்லுருவியைப்போல மரத்தின் சாரத்தை உறிஞ்சுகிறது என்ற அபிப்பிராயம் சரியன்று. தண்டிலிருந்து புறப்படும் மயிர் போன்ற வேர்கள் பற்றிக்கொள்வதற்கு மாத்திரமே உதவுகின்றன, ஜலத்தையும் சத்தையும் அது மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஆயினும் கிழ ஆப்பிள் மரத்தின் உச்சிவரை ஏறிவிட்டால், வெயிலை மறைப்பதோடு, இலையுதிர்ந்து நிற்கும் அம்மரத்தின்மேல் குளிர்காலத்திலும் தான் பச்சையாக அடர்ந்து நின்று, புயற்காற்றின் வேகத்தையெல்லாம் அதன்மேல் சுமத்திவிடுகிறது.

அடித்தண்டில் ஒரு சாண் நீளத்தைத் துண்டித்து எடுத்துவிட்டு, மேற்கொடி தானே உலரும்வரை மாதக்கணக்கில் பொறுத்திருப்பதே உத்தமம். பச்சையாகவே பிடித்து இழுத்தால், வேர்மயிர்களோடு பழஞ்சுவரின் சுண்ணாம்புக் காரையும் பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்து வந்துவிடும். கொடியின் சாறு சிலருக்குத் தோலில் தடிப்பும் கொப்புளமும் உண்டாக்குவதால் கையுறை அவசியம். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை பறவைகள் இதனுள் கூடு கட்டுகின்றன. குஞ்சுகளுள்ள கூட்டை வேண்டுமென்றே அழிப்பது 1981-ஆம் வருஷத்துச் சட்டப்படி குற்றம்.

வெட்டுவதைவிட, வெட்டியதை ஒழிப்பதுதான் கடினம். பச்சைத் தண்டை எருக்குழியில் போட்டால், மண்ணில் பட்ட கணுவிலெல்லாம் வேர்விட்டு மறுபடி தளிர்க்கும். தீயிட்டாலோ, நெருப்பைக் காட்டிலும் புகையே மிகுதி. ஆகவே தார்ப்பாயின்மேல் பரப்பி, தண்டு ஒடித்தால் சடக்கென்று முறியும் அளவுக்கு உலர்ந்த பின்னரே நறுக்கி எருவில் சேர்ப்பதோ எரிப்பதோ முறை. ஆடுகள் இலையை ஆவலோடு கடிக்குமெனினும், அளவு மிஞ்சினால் நஞ்சாகும். காய்களை அவற்றுக்கு எட்டாதபடி ஒதுக்கவேண்டும்.

இவ்வளவு தொல்லை தருவதாயினும், இதை அடியோடு நிர்மூலமாக்குவது நியாயமன்று என்பதே என் உறுதியான எண்ணம். மற்றப் பூக்கள் ஓய்ந்துவிட்ட செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் தேனீக்களுக்கு மதுவும் மகரந்தமும் அளிப்பது முதிர்ந்த ஐவியே. குளிரின் கடைசியில், வேறு இரை அருகிய வேளையில், அதன் கருங்கனிகளைப் பறவைகள் உண்கின்றன. பழமரத்தையும் கொட்டகையையும் காப்பாற்றிக்கொண்டு, வேலியோரத்துப் பழங்கொடியை விட்டுவைக்குமாறு நிலமுடையோரைக் கேட்டுக்கொள்வேன். ஏனெனில், விதையிலிருந்து புதிதாக முளைக்கும் கொடி பூக்கும் பருவத்தை அடையப் பல வருஷங்கள் செல்லும்.