ஐ.இ.எல்.டி.எஸ். வேண்டாம் என்றால் வேறு எது வேண்டும்?

ஜங்ஷன் பக்கம் எந்த மாடியைப் பார்த்தாலும் இப்போது அந்த போர்டு தொங்குகிறது: 'ஐ.இ.எல்.டி.எஸ். இல்லாமல் யு.கே.யில் எம்.எஸ்சி.' நெல்லை வட்டாரக் கல்லூரி ஒன்றில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். மார்ச் பிறந்துவிட்டால் பாடத்தைப் பற்றி வரும் சந்தேகங்களைவிட அந்த போர்டைப் பற்றி வரும் சந்தேகங்கள்தான் அதிகம். பழைய மாணவர்கள் வருகிறார்கள். அவர்களைவிடக் கவலையோடு பெற்றோர் வருகிறார்கள். கோவில்பட்டியிலிருந்து வந்த ஒரு தகப்பனார், "பரீட்சையே எழுத வேண்டாம்னு சொல்லுதாங்க டீச்சர், நெசமா? அட்வான்ஸ் வேற கேக்காங்க" என்றார்.

நிஜம்தான், ஆனால் பாதி. ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலப் பரீட்சை வேண்டாம் என்று சொல்லும் பல்கலைக்கழகங்கள் உண்டு. ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டாம் என்று எந்தப் பல்கலைக்கழகமும் சொல்லவில்லை. நமக்கு ஆங்கிலம் தெரியும் என்று பரீட்சைக்குப் பதிலாக யாராவது பொறுப்பேற்றுச் சொல்ல வேண்டும். அது யார், எதை வைத்துச் சொல்கிறார்கள் என்பதைத்தான் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

இங்கிலாந்தையே எடுத்துக்கொள்வோம். பட்டப்படிப்புக்கோ அதற்கு மேலோ படிக்க வருகிறவருக்கு ஆங்கிலம் பி2 நிலையில் இருக்க வேண்டும் என்பது அங்குள்ள விசா விதி. ஐரோப்பிய மொழி அளவுகோலின் ஆறு படிகளில் அது நான்காவது. அந்த நிலை இருக்கிறதா என்று பார்க்கும் வேலையை, விதிகளை ஒழுங்காகப் பின்பற்றிவரும் பல்கலைக்கழகங்களிடமே அரசு விட்டிருக்கிறது. மாணவர்கள் 'காஸ்' என்று சொல்கிற சேர்க்கை உறுதிப் பத்திரத்தில், ஆங்கிலத்தை எப்படி மதிப்பிட்டோம் என்று பல்கலைக்கழகம் எழுதித் தர வேண்டும். தவறினால் அதன் உரிமத்துக்கே ஆபத்து. அதனால்தான் கண்ணை மூடிக்கொண்டு யாரையும் விடமாட்டார்கள்.

முதலில் பார்ப்பது பிளஸ் டூ ஆங்கில மதிப்பெண். 70 போதும் என்கிற பல்கலைக்கழகமும் உண்டு, 80 கேட்பதும் உண்டு. சி.பி.எஸ்.இ., ஐ.எஸ்.சி. மதிப்பெண்ணை மட்டும் ஏற்கிறவர்கள் இருக்கிறார்கள். மாநில போர்டையும் ஏற்று, அதற்குக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். பள்ளி முடித்துச் சில ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தால் சில இடங்களில் செல்லாது. நம் பிள்ளைகள் கவனிக்க வேண்டிய ஒன்று: 2018 வரை தமிழ்நாட்டு பிளஸ் டூவில் ஆங்கிலம் இரண்டு தாள், 200 மதிப்பெண். அடுத்த ஆண்டிலிருந்து ஒரே தாள், 100. பழைய பட்டியலில் 150 வாங்கியவர் விண்ணப்பத்தில் அதை 75 சதவீதம் என்று தெளிவாகக் குறிப்பிட வேண்டும்.

அடுத்தது 'எம்.ஓ.ஐ. லெட்டர்', அதாவது பயிற்று மொழிச் சான்று. மூன்று நான்கு வருஷம் ஆங்கிலத்திலேயே படித்து, ஆங்கிலத்திலேயே தேர்வு எழுதினார் என்று கல்லூரியோ பல்கலைக்கழகமோ கொடுக்கும் கடிதம். ஒரு பக்கம்கூட வராது. ஆனாலும் இதில்தான் எத்தனை பேர் தடுக்கி விழுகிறார்கள்! என் மேஜைக்கு வந்த ஒரு கடிதத்தில் துறைத்தலைவர் கையெழுத்து இருந்தது, பெயர் இல்லை. முத்திரை இருந்தது, தேதி இல்லை. தொடர்புக்கு ஒரு ஜிமெயில் முகவரி. அயல்நாட்டு அட்மிஷன் ஆபீசில் இருப்பவர் இதை எப்படி நம்புவார்? கல்லூரி லெட்டர்ஹெட், மாணவர் பெயர், பதிவு எண், படிப்பு, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, பாடமும் தேர்வும் ஆங்கிலத்தில்தான் என்ற வாக்கியம், கையெழுத்திட்டவரின் பெயரும் பதவியும், கல்லூரியின் சொந்த மின்னஞ்சல். இத்தனையும் இருக்க வேண்டும். முதல்வர் கையெழுத்து போதுமா, இணைப்பு பெற்ற பல்கலைக்கழகத்தின் பதிவாளரோ தேர்வுக் கன்ட்ரோலரோ கையெழுத்திட வேண்டுமா என்பதை விண்ணப்பிக்கும் இடத்தில் கேட்டுக்கொண்டு பிறகு வாங்குவது நல்லது.

நமக்கே உரிய சிக்கல் இனிஷியல். மார்க் ஷீட்டில் 'எஸ். கார்த்திகா', பாஸ்போர்ட்டில் 'கார்த்திகா சண்முகம்' என்றிருந்தால் இருவரும் ஒருவர்தானா என்ற கேள்வி வரும். கடிதத்தில் பாஸ்போர்ட் பெயரையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். இன்னொன்றும் உண்டு. பள்ளியைத் தமிழ் வழியில் முடித்தவர்கள் அரசு வேலைக்கான இருபது சதவீத ஒதுக்கீட்டுக்காக, தமிழ் வழியில் படித்ததைக் காட்டும் பி.எஸ்.டி.எம். சான்றிதழ் வைத்திருப்பார்கள். அதனால் கல்லூரி எம்.ஓ.ஐ. கிடைக்காது என்று பயப்படுகிறார்கள். பயம் வேண்டாம். பள்ளி தமிழ் வழி, கல்லூரி ஆங்கில வழி என்பது முரண்பாடு இல்லை, இரண்டும் உண்மை. கல்லூரியிலும் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மட்டும் இந்தக் கதவு திறக்காது. அவர்கள் பரீட்சை எழுதுவதே நேர்வழி.

வேறு சில வழிகளும் உண்டு. சில பல்கலைக்கழகங்கள் தாங்களே ஒரு ஆன்லைன் தேர்வு வைக்கின்றன, சில வீடியோவில் நேர்காணல் செய்கின்றன. கொஞ்சம் குறைகிறது என்றால் படிப்பு தொடங்கும் முன் கோடையில் 'ப்ரீசெஷனல்' ஆங்கில வகுப்பு. அதற்குக் கட்டணம் தனி, அங்கே தங்கும் செலவும் தனி. மிச்சப்படுத்திய பரீட்சைக் கட்டணத்தைப்போலப் பல மடங்கு அதில் போய்விடும்.

ஏமாற்றம் வருகிற இடம் விசா. அட்மிஷன் ஒரு கதவு, விசா இன்னொரு கதவு. ஆஸ்திரேலியாவில் ஒரு பல்கலைக்கழகம் உங்கள் எம்.ஓ.ஐ. கடிதத்தை ஏற்கலாம். ஆனால் இந்தியாவில் ஆங்கில வழியில் படித்ததை அந்த நாட்டு மாணவர் விசா விதி கணக்கில் கொள்வதில்லை, தேர்வு மதிப்பெண் கேட்கிறது. 2024 மார்ச்சில் அந்த வரம்பை ஐ.இ.எல்.டி.எஸ். 5.5-லிருந்து 6-க்கு உயர்த்தியும் விட்டார்கள். கனடாவில் பரீட்சை இல்லாமல் சேர்ந்துவிட்டாலும், படித்து முடித்தபின் அங்கேயே வேலை செய்ய வேண்டுமென்றால் மொழித் தேர்வு எழுதியாக வேண்டும். 2024 நவம்பர் முதல் இதுதான் விதி. ஜெர்மனிக்குப் போகிறவர்கள் 2022 நவம்பரிலிருந்து ஏ.பி.எஸ். சான்றிதழ் வாங்குகிறார்கள். அது உங்கள் மார்க் ஷீட் உண்மையானதா என்று பார்ப்பது, ஆங்கிலத்துக்கு அது சான்று ஆகாது. ஆங்கிலத்துக்கு என்ன வேண்டும் என்பது அங்கே படிப்புக்குப் படிப்பு மாறும். அமெரிக்க மாணவர் விசாவுக்கென்று தனியாகத் தேர்வு மதிப்பெண் கேட்பதில்லை. ஆனால் சென்னை அண்ணா சாலையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் ஜன்னல் முன்னால் நின்று, என்ன படிக்கப் போகிறாய், ஏன் அங்கே என்ற கேள்விகளுக்கு நாமேதான் பதில் சொல்ல வேண்டும்.

ஐ.இ.எல்.டி.எஸ். எழுத 17, 18 ஆயிரம் ரூபாய் ஆகிறது. மதிப்பெண் செல்லுபடியாவது இரண்டே ஆண்டு. தினக்கூலிக் குடும்பத்தில் அது சின்னத் தொகையல்ல. நான்கு வருஷம் ஆங்கிலத்தில் லேப் ரெக்கார்டு எழுதி, ஆங்கிலத்தில் ப்ராஜெக்ட் சமர்ப்பித்த பிள்ளையிடம் மறுபடி காசு வாங்கிக்கொண்டு அதையே நிரூபி என்பது நியாயமில்லை என்றுதான் நினைக்கிறேன். பரீட்சைச் சான்றிதழ்தான் பொய் சொல்லாது என்றும் இல்லை. 2014-ல் பி.பி.சி.யின் பனோரமா நிகழ்ச்சி, லண்டனில் டோயிக் என்ற ஆங்கிலத் தேர்வை ஆள் வைத்து எழுதிய மோசடியைக் காட்டியது. அதன்பின் ஆயிரக்கணக்கான மாணவர்களின் விசா ரத்தானது. நாங்கள் நேர்மையாக எழுதினோம் என்று பல ஆண்டுகள் நீதிமன்றம் ஏறியவர்கள் அவர்களில் நிறையப் பேர்.

ஆனால் என் மாணவர்களிடம் மறைக்காமல் சொல்வது ஒன்று உண்டு. எங்கள் வகுப்பறையில் புத்தகம் ஆங்கிலம், விளக்கம் தமிழ். பிள்ளைகள் ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள், பேசுவதில்லை. கடிதம் வகுப்பின் மொழியைச் சொல்லும், வாயைத் திறக்கவைக்காது. நல்ல மதிப்பெண்ணும் சுத்தமான கடிதமும் வைத்திருந்த ஒரு பெண், வீடியோ நேர்காணலில் தன் ப்ராஜெக்டைப் பற்றிக் கேட்டதும் திணறிப்போனாள். விஷயம் தெரியாமல் இல்லை, அதை வாய்விட்டுச் சொல்லிப் பழகவில்லை. பிறகு தினமும் சாயங்காலம் துறை அறையில் என் எதிரே உட்கார்ந்து, அதே ப்ராஜெக்டை எழுதிவைத்துப் படிக்காமல் சொல்லிப் பழகினாள். அடுத்த பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது.

கோவில்பட்டித் தகப்பனாருக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன். ஏஜென்சிக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன், அந்தப் பல்கலைக்கழகத்தின் அட்மிஷன் அலுவலகத்துக்கு உங்கள் பிள்ளையே ஒரு மின்னஞ்சல் எழுதட்டும்: என் போர்டு இது, மதிப்பெண் இது, இதை ஏற்பீர்களா, யார் கையெழுத்து வேண்டும்? வரும் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். விசா விதியை அந்த நாட்டு அரசின் இணையதளத்திலேயே பாருங்கள். எம்.ஓ.ஐ. கடிதத்துக்கான மனுவைக் கடைசி செமஸ்டர் முடிவதற்குள் கல்லூரி அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். கோடை விடுமுறையில் கையெழுத்துப் போட ஆள் இருக்கமாட்டார்கள்.