எம்.சி.பி. அடிக்கடி விழுந்தால் பெரியதைப் போடலாமா?

சென்ற ரமலானில் நம் தியாகதுருகத்து வீடு ஒன்றில் ஸஹர் நேரத்தில் தினமும் எம்.சி.பி. விழுந்துகொண்டே இருந்தது. 16 ஆம்பியரை எடுத்துவிட்டு 32 ஆம்பியர் போட்டார்கள். அதற்குப் பிறகு ஒருநாளும் விழவில்லை. பெருநாள் முடிந்த வாரம் சுவிட்ச் போர்டிலிருந்து கருகிய வாடை வருவதாக எங்களை அழைத்தார்கள். திறந்து பார்த்தபோது வயர்களின் மேலுறை உருகி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது. அல்ஹம்துலில்லாஹ், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதே தவறு வேறு சில வீடுகளிலும் இருக்கக் கண்டதால் எழுதுகிறோம்.

எம்.சி.பி. காப்பது சுவருக்குள் ஓடும் வயரை. மிக்ஸியையோ ஃபிரிட்ஜையோ அல்ல. எனவே வயரின் கனத்தைப் பார்த்துத்தான் அதன் அளவை முடிவு செய்ய வேண்டும். அந்த வீட்டில் சமையலறைக்கும் குளியலறைக்கும் ஒரே லைன், 1.5 சதுர மி.மீ. செம்பு வயர். அதில் 2000 வாட் ஹீட்டர், 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு, 1500 வாட் கெட்டில் மூன்றும் சேர்ந்தால் 5500 வாட். 230 வோல்ட்டால் வகுத்தால் ஏறக்குறைய 24 ஆம்பியர். பைப்புக்குள் செல்லும் அந்த வயர் தாங்குவதோ சுமார் 15 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. விழுந்து விழுந்து எச்சரித்தது. 32 ஆம்பியருக்கு 24 ஒரு சுமையே இல்லை. அது பேசாமல் இருந்துவிட்டது, வயர்தான் சூட்டில் வெந்தது.

ஃபியூஸ் கேரியரில் கம்பியை மூன்று நான்கு இழையாக முறுக்கிப் போட்ட காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அதே வேலைதான் இதுவும்.

லைட், ஃபேன் ஓடும் 1.5 வயருக்கு 6 அல்லது 10 ஆம்பியர் போதும். ஹீட்டருக்கு 2.5 வயரில் தனி லைன் இழுத்து 16 ஆம்பியர் போடலாம். ஒன்றரை டன் ஏ.சி.க்கு 4 சதுர மி.மீ. வயரும் 20 ஆம்பியரும் தனியாக வேண்டும். பழைய அலுமினிய வயருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது; அது இதைவிடக் குறைவாகவே தாங்கும்.

இன்னொன்று: ஆளுக்கு ஷாக் அடித்தால் எம்.சி.பி. விழாது. உயிரைப் பறிக்கும் மின்சாரம் ஒரு ஆம்பியரில் சிறு பங்குதான். அதற்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. தேவை. வீடுகளில் இதைப் பொருத்தும்படி மின்வாரியமும் சொல்லி வருகிறது. அதிலுள்ள ‘டெஸ்ட்’ பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் உடனே மாற்றுங்கள். எர்த் இல்லாத வீட்டில் இது மட்டும் போதாது, எர்த்தும் போட வேண்டும்.

எம்.சி.பி. மீண்டும் மீண்டும் விழுந்தால் முதலில் ஒரு சாதனத்தை நிறுத்திப் பாருங்கள். அப்போதும் விழுந்தால் உரிமம் பெற்ற வயர்மேனை அழையுங்கள். கணவரை இழந்து தனியாக வாழும் சகோதரிகள் வீடுகளில் வயரிங் பார்த்துத் தர அறக்கட்டளை ஏற்பாடு செய்யும். ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம். வர இயலாதவர்களுக்காகப் பக்கத்து வீட்டார் வந்து சொன்னாலும் போதும்.